இரண்டு விரல்

ஞாயிறு விடியல், ஈசிஆர்.
எதிரே புல்லட் வந்தால்
இடது கை கிளட்சை விட்டு இறங்கி
இரண்டு விரல் நீட்டும்.
கேடிஎம் பையன்களுக்குத் தலையசைப்பு.
பல்சருக்கு, அன்றைய மனசைப் பொறுத்து.
ஸ்கூட்டருக்கு ஒன்றுமில்லை.
யார் போட்ட சட்டமோ,
ஆறு வருஷமாக நான் மீறியதில்லை.

அக்கரை சிக்னலில்
பின்னாலிருந்து விடாத ஹாரன்.
எக்ஸெல். காலடியில் நீல மீன்பெட்டி,
ஐஸ் உருகிச் செருப்பில் சொட்டுகிறது.
வழி விடச் சொல்கிறாரென்று முறைத்தேன்.
அவர் காலை ஆட்டிக் காட்டினார்:
"சைடு ஸ்டாண்டு, தம்பி!"
நான் அதைத் தட்டிவிட்டு நிமிர்வதற்குள்
பச்சை விழுந்து,
நன்றிக்கு நிற்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம், முட்டுக்காடு பாலம்.
அதே நீலப்பெட்டி எதிரே.
இரண்டு விரல் போதவில்லை;
முழுக்கையையும் தூக்கினேன்.

யாருக்கென்று
பின்னால் திரும்பிப் பார்த்தார்.
யாருமில்லை.
சட்டென்று ஓரங்கட்டி,
கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டை
அவசரமாக மாட்டிக்கொண்டு
எனக்கொரு கும்பிடு போட்டார்.

நான் வந்த வழியில்
அன்றைக்குப் போலீஸே இல்லை.