விரலைத் துடைத்து மறுபடி வையுங்கள்

மேட்டூர் திறந்து நாற்பது நாள்.
கொரடாச்சேரிக்குக் கிழக்கே, வெட்டாற்றங்கரை ரேஷன் கடையில்
கருவிக்கு மாரிக்கண்ணுவைத் தெரியவில்லை.
வலது ஆள்காட்டி, இல்லை.
இடது, இல்லை.
கட்டைவிரலைச் சேலையில் துடைத்து, வாயால் ஊதி வைத்தாள்.
அதுவும் இல்லை.
"பதினஞ்சு நாளா நடவும்மா.
ரேகையெல்லாம் சேத்துலயே கெடக்கு"
என்றாள், கழற்றிப்போட்ட செருப்பைச் சொல்வதுபோல.
வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
விரலைத் திருப்பிப் பார்த்தேன்:
ஊறி வெளுத்த நுனி, நகக்கண்ணில் சீழ்,
இடுக்கில் சேற்றுப்புண், அதன்மேல் மருதாணிக் கறை.

என் உதடு வெளுக்கத் தொடங்கிய வருஷம்
திருவாரூர் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர்
தாளில் கோடு போட்டுக் காட்டியிருந்தார்:
மேல்தோல் அடியில் முளைக்கும், மெல்ல மேலேறும்,
செத்து உதிரும். ஏறக்குறைய ஒரு மாதக் கணக்கு.
ரேகையின் வேர் அதில் இல்லை,
அதற்கும் கீழே, உள்தோலின் வரப்புகளில்.
மேலே எவ்வளவு தேய்ந்தாலும்
வரப்பு கிடந்தால் அதே வயல் திரும்பும்.
(வரப்பு என்று அவர் சொல்லவில்லை. அது நான் போட்டது.)

"நடவு முடியட்டும், திரும்பி வந்துரும்."
"அரிசியா, ரேகையா?" என்றாள் மாரிக்கண்ணு.
பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளைக் கூப்பிட்டோம்.
ஒரே தொடலில் பச்சை.
இன்னும் வயலில் இறங்காத விரல்.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு.
இரண்டு உதடு, ஒன்பது விரல்நுனி, முழங்கையில் ஒரு தீவு.
நிறமி செய்யும் செல்களை
என் உடம்பே அந்நியம் என்று விரட்டியதாம்.
தொற்றாது. வலிக்காது.
ஆனாலும் காசை மேசையில் வைப்பவர்கள் உண்டு,
நான் துடைத்த கண்ணாடியில் அடுத்த நொடி விரல் வைப்பார்கள்.
பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைத் தொடாமல்
"மேலுக்கு என்ன?" என்று கேட்டார்கள்.
மேல் கழுவுகிறோம், மேல் வலிக்கிறது, மேலுக்கு முடியவில்லை.
உடம்பு முழுக்க அந்த ஒரு சொல்தான்.
ஈரலைப் பார்த்தா பெண் கேட்கிறார்கள்?

உத்திராபதி வந்தது கடை மூடும் நேரம்.
பாலத்தடி டீக்கடையில் போண்டா போடுகிறவர்.
விரலை வைத்தார், சீட்டு வந்தது.
நான்தான் கையை விடவில்லை.
சுண்டுவிரல் ஓரம் எண்ணெய்க் கொப்புளம்,
உடைந்து, கடலை மாவு ஒட்டியபடி.
"எப்ப பட்டது?"
குனிந்து பார்த்தார். "அட, தெரியலயே."

தெரியலயே.

மணிக்கட்டுக்கு மேலே வெளிறிய வட்டம்.
என்னுடையது சுண்ணாம்பு வெள்ளை.
இது வேறு, காய்ந்த வண்டலின் நிறம்.
மயிர் இல்லை. ஆடிப் புழுக்கத்தில்
ஊரே நனைந்திருக்க, அங்கே ஒரு துளி வியர்வை இல்லை.
சாக்குச் சணலில் ஒரு நூல் பிரித்தேன்.
"கண்ண மூடுங்க. தொட்டா சொல்லுங்க."
முழங்கையில், "ம்."
உள்ளங்கையில், "ம்."
வட்டத்துக்குள் வைத்தேன்.
காரைக்கால் ரயில் முழுசாகப் போய் முடிந்தது.
அவர் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.
அதே நூலை என் முழங்கைத் தீவில் வைத்தேன்.
கூசியது. அன்றைக்குத்தான்
அந்தக் கூச்சத்தை ஒரு சொத்தாக எண்ணினேன்.

நோயின் பெயரை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.
மாத்திரை இலவசம், மாதக்கணக்கில் விடாமல் தின்றால் தீரும்,
விரல் மடங்குவதற்குள் போகவேண்டும் என்றேன்.
எந்தக் கிழமை, எந்த அறை என்று சீட்டின் பின்னால் எழுதினேன்.
"அடுப்புல நிக்கலாமா?"
"டாக்டர் சொல்லட்டும். தீ படாம பாத்துக்குங்க, ஒங்க கை இப்ப சொல்லாது."

இத்தனை வருஷமும் சர்க்கரைக் காசை
என் உள்ளங்கையில் அழுத்தி வைக்கிறவர்
இன்றைக்கு மேசையில் வைத்தார்.
ஓரமாக, என் விரல் படாத தூரத்தில்.

நான் எடுக்கவில்லை.
"கையில குடுங்க" என்றேன்.