பின்வாசல் வழியாக வரவும்

தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.
செவ்வாய், தேவாலயத்தின் நிலவறை, மாலை ஆறு...
அதற்குப்பின் மடிப்பு.
மருத்துவமனைத் தாதி மருந்துச் சீட்டின் முதுகில் எழுதித் தந்தது;
மூன்று வாரம் பணப்பையில் கிடந்து
மடிப்பில் இருந்த எழுத்து உதிர்ந்துவிட்டது.
ஆறா ஆறரையா என்று தெரியாததே
இரண்டு செவ்வாய்களுக்குப் போதுமான சாக்கு.

இன்று ஏறிவிட்டேன்.
லியெபாயாவில் ஒரே ஒரு ட்ராம் பாதைதான்,
வழி தவறிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.
ஆனாலும் ஒரு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினேன்.
கடற்காற்று காதைத் திருகியது.
இதே தேவாலயத்தில்தான் என் கல்யாணம்,
மகளின் ஞானஸ்நானம், அப்பாவின் சவப்பெட்டி;
எல்லாம் முன்வாசல் வழியாக.
பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே
நாற்பத்தொன்பது வயதில்தான் தெரிகிறது.

குப்பைத் தொட்டிகள். உப்புத் தூவிய படிகள்.
சங்கிலி போட்டுப் பூட்டிய சைக்கிள், அதில் முன்சக்கரம் மட்டும்.
சிவப்புக் கையுறை போட்ட ஒரு பெண்
கதவின் கைப்பிடியை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டாள்.
"இதுதானே?"
"இதேதான்" என்றேன்,
வருடக்கணக்காக வந்துபோகிறவன் மாதிரி.
"சாவி உங்களிடமா?"
"இல்லை. வருவார்கள்."

யார் வருவார்கள்? எனக்கென்ன தெரியும்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன் நான்,
நாற்பது டன்னைத் தூங்கும் பிள்ளைபோல் இறக்கியவன்.
ஒரு காலையில் குழாயில் ஊதச் சொன்னார்கள்.
அன்றிலிருந்து தரையில் நிற்கிறேன்.
இதையெல்லாம் அவளிடம் சொல்ல நினைக்கவில்லை.
குளிரில் தாடை தானாக ஆடியது,
கூடவே வார்த்தையும் விழுந்துவிட்டது.

வெல்கா என்றாள். பள்ளிக்கூட உணவகத்தில் சமையல்.
வினிகர் புட்டிகளோடு புட்டியாக
அவளுடையதும் ஒன்று நின்றதாம்.
ஒரு பையன் அதை எடுத்து
வெள்ளரிக்காய்மேல் ஊற்றப் போனான்.
"போனான்" என்பதோடு நிறுத்திக்கொண்டு
கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"நீங்கள் எத்தனை நாளாக?"
பொய் நாக்கு நுனிவரை வந்தது: எட்டு மாதம்.
நம்பியிருப்பாள்; நல்ல கோட்டுதான் போட்டிருந்தேன்.
"மதியத்திலிருந்து."
அவள் சிரித்ததில் தெருவோரம் போன நாய் திரும்பிப் பார்த்தது.
"அப்போ நான்தான் மூத்தவள். நேற்றிலிருந்து."

ஆறு ஐம்பதுக்கு அவள் கண்ணில்தான் பட்டது.
கதவில் ஒட்டிய தாள் காற்றில் மடங்கி
எழுத்தை மரத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.
ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தோம்.
கொதிகலன் பழுது. கூட்டம் தீயணைப்பு நிலையத்தில்.
மன்னிக்கவும். அ.
முகம் தெரியாத அந்த அ-மேல்
எனக்கு அப்படியொரு கோபம்.
வீட்டுக்குப் போய்விடலாம். யார் குறை சொல்ல முடியும்?
வெல்கா ஏற்கெனவே படியில் இறங்கியிருந்தாள்.

தீயணைப்பு நிலையம் கால்வாய்க்கு அக்கரை.
நேரே போனால் ஸிக்மார்ஸின் கடை, மஞ்சள் ஜன்னல்,
சுவரோரம் என் உயரத்துக்கு ஒரு ஸ்டூல்.
"வலப்பக்கம் போவோமா? சுற்றுதான்" என்றாள்.
நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.
பதினோரு நிமிடம் கூடுதல்.
பாலத்தில் உறைபனி; அவள் வழுக்கினாள், பிடித்தேன்.
பத்தடி தாண்டி நான் வழுக்கினேன்,
அவள் பிடிக்கவில்லை. விழுந்தேன்.
அவள் கைக்குட்டையை நீட்டினாள்,
முழங்காலில் அடி, நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு சிவப்பு வண்டிகளுக்கு நடுவே
மடக்கு நாற்காலிகள். யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்,
எங்களைப் பார்த்து நிறுத்தவில்லை,
பேசியபடியே காலால் ஒரு நாற்காலியை நகர்த்தினார்.
காலியாக இருந்தது அது ஒன்றுதான். வெல்கா உட்கார்ந்தாள்.
நான் வண்டியின் படிக்கட்டில்,
தலைக்குமேல் சுருட்டி வைத்த தண்ணீர்க் குழாய்.
அபாயமணி அடித்தால் எல்லோரும் எழுந்து
சுவரோரம் ஒதுங்க வேண்டும் என்றார்கள்.

அடிக்கவில்லை.
தேநீர் படுமோசம்.
இரண்டு கோப்பை குடித்தேன்.