திருத்த வரலாறு

நாலு பெயருக்கு ஒரே புள்ளி.
தரம் பன்னிரண்டு, குழுச் செயற்றிட்டம்.
தலைப்பு: களனி ஆறும் கொழும்பு வடக்கும்.
ஒன்பது பக்கம். பிழையே இல்லை.
அதுதான் எனக்கு இடித்தது.

வெள்ளவத்தை, இரவு பதினொன்று.
கடைசி ரயில் கடலோரம் போன பிறகு
மூலையிலிருந்த சின்னக் கடிகாரத்தை அழுத்தினேன்.
யார் எப்போது எதை அழித்தார் என்று
நிறம் நிறமாய்க் காட்டும் இடம்.
நான் இங்கே வரக்கூடும் என்று
பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஊதா, மிதுர்ஷா.
மடிக்கணினி, ஃபைபர் இணைப்பு,
மாலை நாலரை முதல் ஆறு வரை, ஒழுங்காக.
முன்னுரை அவளுடையது.
தலைப்புகளை நடுவில் நிறுத்தியதும் அவள்தான்.

பச்சை, அஸ்ஜத்.
வாப்பாவின் கடைக் கணினியில்
பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டியிருக்கிறான்.
இரண்டு பக்கம், முழுக்க
அரைப்புள்ளியும் சாய்கோடுமாய் விழுந்து கிடக்கிறது.
அதன் கீழே மஞ்சள், ஸ்டெனிஸ்லஸ்:
மச்சான், இது என்ன பாஷை?
அவ்வளவுதான் ஸ்டெனிஸ்லஸ்.
இல்லை, இன்னொன்றும் உண்டு. கடைசி நாள்
தன் பெயரில் விடுபட்ட ஒரு 'ஸ்' சேர்த்திருக்கிறான்.

சிவப்பு, டிலுக்ஷன்.
டிலுக்ஷன் என்று என் வகுப்பில் யாருமில்லை.

பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
லோஜினியின் அண்ணன். போன் அவனுடையது.
ஆமர் வீதியில் மூட்டை இறக்கிவிட்டு வந்து
அவன் உறங்கிய பிறகு அவள் தொடங்குகிறாள்.
இரவு டேட்டா மலிவு.
பாடசாலை அலுமாரியில் இருபத்தைந்து டேப்லட்,
திறப்பு அதிபரிடம்.
கண்ணாடி வெடித்த போனில் விரல் ஓடாமல்
வாயால் சொல்லியிருக்கிறாள், குசுகுசுத்து.
போனும் கேட்டதையெல்லாம் எழுதியிருக்கிறது.
களனியைக் கழனி என்று.
நாகலகம் வீதியை நாகலிங்கம் வீதி என்று.
மூன்றாம் பந்தியின் நடுவே
லைட்ட நிப்பாட்டிட்டுப் படு புள்ள என்று
ஓர் அம்மாவையும்.

அதற்கடுத்த வரி, அதிகாலை 1.07:
தண்ணி வாசலால வரல்ல. கக்கூஸ் குழியால வந்திச்சு.

ஊதா, மாலை 4.41:
வெள்ள அனர்த்தம் ஏற்பட்டது.
அன்றிரவு சிவப்பு: தண்ணி வந்திச்சு.
ஊதா: ஏற்பட்டது.
சிவப்பு: தண்ணீர் வந்தது.
ஒரு படி இறங்கியிருக்கிறாள், பாருங்கள்.
ஊதா: ஏற்பட்டது.

பதினொரு முறை.
ஒருத்தி பகலில், ஒருத்தி இரவில்,
ஒரே வரியில் நின்றுகொண்டு
ஒருவரையொருவர் காணாமல்.
பன்னிரண்டாம் முறை சிவப்பு வரவில்லை.
ரீலோட் முடிந்ததா, மனம் முடிந்ததா,
அதைக் காட்ட அங்கே நிறம் இல்லை.

மிதுர்ஷாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
பேச்சு வழக்கைத் தவிர்க்கவும் என்று
புள்ளித் திட்டத்தில் எழுதியவள் நான்.
மூன்றாம் இலக்கம். ஐந்து புள்ளி.
அவள் அந்த ஐந்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அழிந்த வரியை இன்னொரு தரம் படிக்கத்தான்
1.07ஐத் தொட்டேன்.
இந்தப் பதிப்பை மீட்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.
விரலுக்கு அந்த நினைப்பு எட்டவில்லை.

ஒன்பது பக்கம் ஆறாகச் சுருங்கியது.
வரைபடங்கள் போயின. உசாத்துணை போயிற்று.
அஸ்ஜத்தின் அரைப்புள்ளிகள் கூட்டமாய்த் திரும்பின.
கழனி பெருகி நாகலிங்கம் வீதிக்குள் நுழைந்தது.
அம்மா மறுபடி சொன்னாள், லைட்ட நிப்பாட்டிட்டுப் படு.

பழையபடி ஆக்குவது எப்படியென்று
நான் தடவிக்கொண்டிருக்கும்போது
திரையின் மேல்மூலையில் ஒரு வட்டம் எரிந்தது.
சிவப்பு. மணி 12.52.

அவளுடைய கர்சர் இறங்கி வந்து
என்னுடையதற்குப் பக்கத்தில் நின்றது.
நான் அசையவில்லை. அதுவும் அசையவில்லை.
பிறகு எழுத்தெழுத்தாய்,
இம்முறை வாயால் அல்ல, விரலால்:

மிஸ்,
வந்ததா, ஏற்பட்டதா?