திறந்தவை மட்டும்

கெடிலக் கரையில் வெள்ளெலி வளைகளை
மாலை ஐந்தரைக்கு அடைக்கத் தொடங்குவேன்.
ஒரு கை மண் போதும்.
சரளையாக இருந்தால் பழைய காகிதம்.
பக்கத்தில் மூங்கில் குச்சி, குச்சியில் எண்.
காலை ஆறுக்கு வந்து
திறந்தவை மட்டும் எண்ண வேண்டும்.
மூடியே கிடப்பது காலி வீடு.
திறந்தது குடித்தனம்.

தினக்கூலி நானூற்று எண்பது.
வேலையின் பெயர் வெகு நீளம்,
மஸ்டர் ரோலில் இடமில்லாமல்
என் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறார்கள்:
பூங்காவனம், எலி.

நடைப்பயிற்சிச் சங்கம் மனுக் கொடுத்திருந்தது.
செயலாளர் வில்வநாதன் சாருக்குக் கால் பிசகி
இருபது நாள் கட்டு.
"மருந்து வைத்தால் ஒரே ராத்திரி" என்றார்,
கைத்தடியால் ஒரு பொந்தைக் காட்டி.
அவர் காட்டியது நண்டு வளை.
நான் திருத்தவில்லை.

உதவிப் பொறியாளர் ரெஹானா மேடம்
மருந்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.
இரக்கம் என்று சொல்ல முடியாது.
செத்த எலியை ஆந்தை தின்னும்,
ஆந்தையும் போனால் அடுத்த வருஷம் இரண்டு பங்கு;
அந்தக் கணக்கைப் போட்டுத் தோற்ற ஊர்கள்
அவருக்குத் தெரியும்.
கரையடியிலிருந்து பத்து மீட்டருக்குள் ஒன்றும் கூடாது.
அப்பால் மணல்மேட்டில் இருந்துகொள்ளட்டும்.
நடுவே இடுப்பளவு புல், வெட்டவே கூடாது.
எதிரே வருவது தெரியாத இடத்தில்
வெள்ளெலி கால் வைக்காது என்றார்.
நானும்தான், என்று நினைத்துக்கொண்டேன்,
கடைசிப் பேருந்தில் இறங்கி
விளக்கில்லாத பாலத்தடியைத் தாண்டுகிறவள்.

பிடித்து மாற்ற
கிள்ளையிலிருந்து மண்ணாங்கட்டி வந்தார்.
"முன்வாசல்ல நின்னு கூப்ட்டா எவன் வருவான்?
இன்னொரு வாசல் இருக்கும்,
ஒரு விரக்கடை மண்ண மேல விட்டு வச்சிருக்கும்,
முட்டுனா ஒடஞ்சிடும்."
குதிகாலால் தட்டிக்கொண்டே நடப்பார்,
ஓரிடத்தில் நிற்பார், அங்கே இருக்கும்.
திங்கறதுக்குப் பிடித்த கை
குடிமாற்றப் பிடிப்பது அவருக்கே சிரிப்பு.
அறுபத்து மூன்றைத் தூக்கிக்கொண்டு போய்
மேட்டில் விட்டார்.
இரண்டு, மறுநாளே திரும்பி வந்தன.
அவருக்கு அதுவும் சிரிப்பு.

ஒரு நாள் காகிதம் தீர்ந்து
மேடம் பழைய கோப்பொன்றைக் கொடுத்தார்.
வில்வநாதன் சார் மனுவின் நகல்கள்.
கசக்கி அடைத்தேன்.
காலையில் நூற்றுப் பதினேழில்
காகிதம் வெளியே கிடக்கவில்லை.
உள்ளே போயிருந்தது.

வயிறு தரையில் படப் படுத்து
போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
நார் நாராக "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்".
அதற்கு நடுவே
சுண்டுவிரல் நுனிகள் மாதிரி, இளஞ்சிவப்பில்,
ஐந்தோ ஆறோ, அசைந்தன.
"கண்ணு முழிக்கிற வரைக்கும் தொடக் கூடாது,"
என்றார் மண்ணாங்கட்டி. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

டேப்பில் ஒன்பதரை மீட்டர்.
வெள்ளிக்கிழமை களிமண் லாரி வருகிறது.
மேலே கருமேகம், ஐப்பசி பாதி.
கரைக்குக் கீழே பதினோரு வீடு,
நாலாவது என்னுடையது.
போன வெள்ளத்தில்
ஜன்னல் கம்பி வரைக்கும் நின்ற கறை
சுண்ணாம்பு அடித்தும் தெரிகிறது.
ஒரு வளைக்குள் எவ்வளவு தண்ணீர் நுழையும் என்று
எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

டேப்பைக் கொஞ்சம் தொய்ய விட்டு
மறுபடி அளந்தேன். பத்து.

அன்றிரவு முழுக்கத் தகரத்தில் மழை.
தூங்கவில்லை,
சுவர்க்கறையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.
விடிந்ததும் ஓடினேன்.
ஆறு, படித்துறையின் மூன்றாம் படியில் நின்றது.
குச்சி சாய்ந்திருந்தது.
நூற்றுப் பதினேழு மூடியிருந்தது.
என் கைமண் கறுப்பு; இது
ஆழத்திலிருந்து வந்த செம்மண்,
ஈரம் புகாதபடி
உள்ளிருந்து இறுக்கி அடைத்தது.

பதிவேட்டில் இரண்டே கட்டம்.
மழைத்தாளுக்குள் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
திறந்தது என்று எழுதினேன்.