அனுமதிக்கப்பட்ட அளவு

பெர்மியோ துறைமுகத்தில், மூன்றாம் கிடங்குக்குப் பின்னால்
என் ஆய்வறை. ஒரு ஜன்னல், ஒரு குளிர்பெட்டி,
கழுவக் கழுவ மீன் வாடை போகாத மேசை.
மாதக்கணக்கில் உப்பில் கிடந்த நெத்திலி
பீப்பாயிலிருந்து நேராக என்னிடம் வரும்.
அரைப்பேன், வடிப்பேன், சொட்டு விடுவேன்.
குழியில் நிறம் மாறும்.
எந்திரம் ஓர் எண் சொல்லும்:
இந்த மீனில் ஹிஸ்டமின் இவ்வளவு.
அளவுக்குள் இருந்தால் கையெழுத்து.
தாண்டினால் பீப்பாயின் நெற்றியில் சிவப்புச் சீட்டு.
பத்தொன்பது வருடமாக
இதுதான் எனக்குச் சோறு.

எந்திரத்துக்குள் வைக்க முடியாத மாதிரி ஒன்று
மிச்சம் இருக்கிறது.
பெயர் இட்சியார். வயது நாற்பத்தேழு.

முதலில் கழுத்தில்தான் வந்தது,
யாரோ அறைந்துவிட்டுப் போனது போல.
பிறகு மூக்கு. பிறகு நள்ளிரவில்
நெஞ்சுக்குள் ஒருவர் அவசரமாகப் படியேறும் சத்தம்.
மகரந்தம் என்றார் ஒரு மருத்துவர்.
தூசி என்றார் இன்னொருவர்.
அந்த வயது அப்படித்தான் என்றார் மூன்றாமவர்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
நான்காவதாக வந்த நெகானே, சின்னப் பெண்,
ஒரு நோட்டு வாங்கச் சொன்னாள்.
தின்றது, தின்ற நேரம், சொறிந்த நேரம்.

செவ்வாய்: தக்காளி. நாற்பது நிமிடம். காது.
புதன்: எனெகோ வறுத்த கோழி. ஒன்றுமில்லை.
வியாழன்: அதே கோழி, குளிர்பெட்டியிலிருந்து.
கழுத்து, வயிறு, விடிய விடிய.

அதே கோழி. அதே உப்பு. வறுத்ததும் அதே கை.
நடுவில் ஓர் இரவு மட்டும்.

எனக்கு ஒவ்வாதது கோழி இல்லை,
நேற்று.

இந்த ஊரில் ருசி என்று பெயரெடுத்ததெல்லாம்
எங்கேயோ காத்துக் கிடந்ததுதான்.
நிலவறையில் பாலாடைக்கட்டி,
கொக்கியில் தொங்கும் தொடைக்கறி,
பீப்பாயில் ஒயின், பீப்பாயில் என் மீன்.
காத்திருந்தது எதுவும் ஆகாது என்றால்
விருந்துக்குப் போய் நான் என்ன பேசுவது?
ஆப்பிளைக் கடித்துக்கொண்டு
மற்றவர்களின் தட்டைப் பார்க்கிறேன்,
தணிக்கை அதிகாரி மாதிரி.

அலமாரியில் இப்போது ஐந்து புட்டிகள்.
பன்றிச் சிறுநீரகத்திலிருந்து எடுத்த நொதி,
சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால்.
வைட்டமின் சி. ஒரு மஞ்சள் பொடி.
இன்னும் இரண்டு, பெயர் வாயில் நிற்காது.
எது வேலை செய்கிறது என்று கேட்கிறான் எனெகோ.
தெரியாது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கத்
துணிச்சல் இல்லை.
ஆய்வறையில் ஒருத்தி இப்படிச் சோதனை செய்திருந்தால்
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குத் துறைமுகம்.
எனெகோவின் மச்சான் படகு ஒதுங்கும்போதே
கையை நீட்டுவேன். இன்னும் விறைக்காத மீன் ஒன்று.
ஆறு மணிக்கு அது சுரைக்காய்த் துண்டுகளோடு வாணலியில்.
அடுப்படியில் நின்றபடியே தின்று முடிப்பேன்,
அதற்கு வயதாவதற்குள்.
அந்த ஒரு மணி நேரம் என் தோல்
யாருடையதோ போல அமைதியாக இருக்கும்.

நேற்று கார்மெலேக்குப் பணி நிறைவு.
முப்பத்தொரு வருடம் முள்ளெடுத்த விரல்கள்.
கடைசியாக அவள் முள்ளெடுத்த மீன்களை
எண்ணெயில் அடுக்கித் தானே கொண்டுவந்து நீட்டினாள்.
அந்தப் பீப்பாயை எனக்குத் தெரியும்.
முப்பத்தெட்டு. அவ்வளவு சுத்தமான எண்
அபூர்வமாகத்தான் வரும்.

கழிப்பறையில் ஒன்றுக்கு இரண்டாய் மாத்திரை விழுங்கினேன்.
கால் மணி காத்திருக்கவில்லை.

உப்பு, பிறகு எண்ணெய், பிறகு ஏதோ ஓர் ஆழம்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்.
என் உடம்பு நினைத்தால்
கழுத்தில் எழுதிவைக்கும்.

எட்டு பத்து: நெத்திலி, ஒன்று.
எட்டு ஐம்பது:

கார்மெலே கையைப் பிடித்து ஆட இழுக்கிறாள்.
நோட்டு மேசைமேல் திறந்தே கிடக்கிறது.
கழுத்து சுடுகிறது. ஆட்டமா, மீனா,
இன்னும் தெரியவில்லை.