சொன்னது சொன்னபடி

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
பேரணாம்பட்டில் ஏறினால்
பாலாற்றுப் பாலம் வரும்போது
கழுத்துப் பட்டையைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.
ஆற்றில் மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை,
யாரும் பார்ப்பதுமில்லை.

வேலூரில், ஆஸ்பத்திரிக்குப் பின்புறம்,
சலவைக்கூடத்தை ஒட்டி ஓர் அறை.
ஏழு நாற்காலி. ஏழு பேரும் ஆயர்கள்.
அங்கே யாரும் யாருக்கும் ஐயரே இல்லை.

பன்னிரண்டு அமர்வு முடித்தால் சான்றிதழ்.
அதற்காகத்தான் முதலில் வந்தேன்,
மறைக்க என்ன இருக்கிறது.

வீடு சந்தித்துப் பேசியதைச்
சொன்னது சொன்னபடி எழுதி வரவேண்டும்.
பெயரை மட்டும் மாற்றலாம்.
இருமினால் இருமினேன் என்று எழுதவேண்டும்.
இருபது வருஷம் பிரசங்கபீடத்தில் பேசியவனுக்கு
இரண்டு பக்கம் எழுத மூன்று இரவு ஆயிற்று.

அவள் பங்கை யார் வாசிப்பது?
சோளிங்கர் எலியேசர் கையை நீட்டினார்.
ஆறடி, மீசை, கபடி ஆடிய தோள்.
எல்லோரும் சிரித்தோம், அவரும்தான்.

நான்: எப்படிம்மா இருக்க?
அவள்: இருக்கேங்க.
நான்: சாப்டியா?
அவள்: (தலையாட்டல்)
நான்: வேலைக்குப் போறியா?
அவள்: ஷூ கம்பெனில லீவு இன்னும் முடியல ஐயரே.
பிரசவ லீவு.
மூணு மாசம் மிச்சம் கெடக்கு.
கொழந்த இல்ல. லீவு மட்டும் இருக்கு.
அத என்ன செய்ய?

இந்த இடத்தில் நான்
மனப்பாடமாய் இருந்த ஒரு வசனத்தை
டிக்கெட்டுக்குச் சில்லறை நீட்டுவதுபோல நீட்டியிருந்தேன்.
அதன் கீழே: ஜெபம் பண்ணலாமா?
அதன் கீழே: (ஜெபம், நான்கு நிமிடம். அவள் கண்ணை மூடவில்லை.
எனக்கு எப்படித் தெரியும்? நானும் மூடவில்லை.)
அதன் கீழே: செருப்பை மாட்டினேன்.

சாப்ளின் பெனினா
எந்த இடத்தில் பயந்தீர்கள் என்று
கேட்க ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

எலியேசர் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
லீவு மட்டும் இருக்கு, என்றார் மறுபடி.
தாளில் அது ஒருமுறைதான் இருந்தது.

“தொண்ணூற்றெட்டில் நாங்கள் நெமிலியில் இருந்தோம்.
அடக்கம் பண்ணி நாலாம் நாள்
அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது.
நான் ஆயர் மாநாட்டுக்குப் போயிருந்தேன்.
ஆறுதல் என்கிற தலைப்பில்
காலைத் தியானம் என்னுடையது.”

ஏழு நாக்கு. ஒவ்வொன்றிலும்
ஒரு வசனம் ஏறி வந்திருக்கும், எனக்குத் தெரியும்.
என் நாக்குக்கு வந்ததை எச்சிலோடு விழுங்கினேன்.
சுவருக்கு அப்பால் இயந்திரம்
வார்டுப் போர்வைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.
ஆம்பூர் தயாபரன் வாங்கி வந்த பிரியாணி
பொட்டலத்துக்குள் வேர்த்தது.
கரண்ட் போனது. வந்தது.
பெனினா கைக்கடிகாரத்தைக் கழற்றி
மேசையில் கவிழ்த்து வைத்தார்.

யாரோ, தயாபரனாகத்தான் இருக்கவேண்டும்,
நாற்காலியை இழுத்து
எலியேசரின் முழங்காலுக்கு அருகே போட்டுக்கொண்டார்.
தொடவில்லை.
பையனா, பெண்ணா? என்று மட்டும் கேட்டார்.
பெண்.
பெயர் வைத்தீர்களா?
வைத்தோம். சொல்லி ரொம்ப நாளாச்சு.

சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

அன்று ஜெபம் பண்ணி முடிக்க மறந்துபோனோம்,
அல்லது மறக்கவில்லை.
என் தாளின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி:
அடுத்த முறை என்ன சொல்வீர்கள்?
டீ கிளாஸின் ஈர வட்டம் அதன்மேல் விழுந்திருந்தது.
அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
எலியேசர் வேறு திசை, வேறு பஸ்.
ஆனாலும் பக்கத்தில் ஆளுக்கு இடம் விட்டு
ஒடுங்கியே உட்கார்ந்திருந்தேன்.
குடியாத்தம் தாண்டியதும் கண்டக்டர் கேட்டார்:
இங்க ஆள் வருதா சார்?
தலையாட்டினேன்.
ஆமென்றா இல்லையென்றா என்று
அவருக்கும் புரியவில்லை.