நூற்று மூன்று

பரந்தனில் இருந்து
சைக்கிள் கரியரில் ரியூப்பால் இழுத்துக் கட்டிக்
கொண்டுவந்து இறக்கினான் ஜெனிற்றன்.
கறுப்புப் பெட்டி. பெரிய கொம்பனிப் பெயர்.
பக்கத்தில் உரியாத துண்டு:
எங்கோ ஒரு காப்புறுதிக் கந்தோரின் சொத்து, இலக்கம் 4471.
குளிர்நாட்டில் நாலு வருசம்
எட்டுக்கு எழும்பி ஐந்துக்குப் படுத்த மெசின்.

"அக்கா, இதைக் கெதியாக்கித் தாங்கோ.
ஒரு கலியாண வீடியோ வெளிய வர ஒன்பது மணித்தியாலம்.
பொம்பிளையின்ர தமையனுக்குச் சனிக்கிழமை பிளைட்.
மற்றப் பெடியள் ஓவர்குளொக் செய்து
நாலரைக்கு ஏத்துறாங்கள், ஐஞ்சுக்கு ஏத்துறாங்கள்."

மூடியைத் திறந்தேன்.
கிரவல் றோட்டின் சிவப்பு முழுக்க உள்ளே.
பவர் சப்ளை இருநூற்று நாற்பது வாற்,
அளந்து போட்ட சோறு, ஒரு கரண்டி மிச்சமில்லை.
மாற்றுவோம் என்றால்
கடையில் விற்கிற எதற்கும் பொருந்தாத ஆறுமுனைப் பிளக்.
விசிறிக்கு ஐந்து வயர். ஊருலகத்தில் நாலு.
கொம்பனிக்காரன் கெட்டவன் இல்லை,
கணக்கன்.

பயோசுக்குள் போனேன்.
திகதி மாற்றலாம். மொழி மாற்றலாம்,
போர்த்துக்கேயம்கூட இருக்கிறது
(தமிழ் இல்லை, தேடிப் பழகிவிட்டேன்).
பெருக்கெண் மட்டும்
முப்பத்தாறு என்று சாம்பல் நிறத்தில் நிற்கிறது.
அம்புக்குறி அதைத் தாண்டித் தாண்டிப் போகிறது
செத்தவீட்டில் கடன் தந்தவனைத் தாண்டிப் போவதுபோல.

"சிப்பை மாத்தினா?"
பூட்டில்லாத சிப் கொழும்பில் எடுக்கலாம்,
போட் சம்மதியாது.
போட்டை மாற்றினால் பெட்டி பொருந்தாது.
பெட்டியையும் மாற்றினால், தம்பி,
நீ கொண்டுவந்ததில் மிஞ்சுவது
அந்தக் கந்தோரின் துண்டு மட்டும்தான்.

அவன் முகத்துக்காக இன்னொரு வழி பார்த்தேன்.
அடித்துடிப்பு நூறு. ஒரு சின்னப் புரோகிராமால் அதை
நூற்றொன்று. ஒன்றும் நடக்கவில்லை.
நூற்றிரண்டு. விசிறியின் குரல் மாறியது,
ஜெனிற்றன் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தான்.
நூற்று மூன்று:
மௌஸ் நின்றது. கீபோட் வெளிச்சம் இரண்டுதரம் சிமிட்டியது.
கறுப்பு.
எங்களுக்கு நூற்று மூன்று என்றால் காய்ச்சல்,
பனடோல், ஈரத்துணி.
இதற்குக்
காசளவு பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கவேண்டியதுதான்.

குடித்தோம்.
டிப்போச் சந்தியைக் கச்சான் காற்று உரித்துக்கொண்டிருந்தது.
திரும்பப் போட்டு வெப்பம் பார்த்தேன்.
கடைக்குள் முப்பத்தேழு பாகை,
சிப்பில் தொண்ணூற்றொன்பது.
நூறு வந்தால் தானாக மூச்சைக் குறைக்கும்.
குறைத்துத்தான் ஓடியிருக்கிறது இவ்வளவு நாளும்.
காசு கொடுத்து வாங்கிய வேகத்தையே
அவன் இன்னும் காணவில்லை.

இதை அவனுக்குச் சொன்னேன். சிரிக்கவில்லை.

புளோவரால் ஊத,
பக்கத்துத் தையல்கடைத் தவநிதி வெள்ளைச் சட்டைத்துணியோடு
வெளியே வந்து ஏசினா.
சிப்பில் காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுசு வைத்தேன்.
பழைய றாம் ஒன்று செருகினேன்.
விசிறியின் வாயை மறைத்த பிளாஸ்ரிக் தட்டைக் கழற்றி
மேசைக்குக் கீழே எறிந்தேன்.
மூடியைப் போடாமல் இரவு ஓடவிட்டோம்.
தாலி, பந்தி, மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடிய ஆட்டம்
எல்லாம் ஒரு நீலக்கோட்டுக்குள் ஊர்ந்தன.
எழுபத்தெட்டுப் பாகை.
ஆறு மணித்தியாலம் நாற்பது நிமிடம்.

"அவ்வளவுதானா?"
ஓம், அவ்வளவுதான்.

பில் எழுதினேன்: தூசி, பசை, றாம்.
"அக்கா, ஓவர்குளொக் எண்டும் ஒரு வரி போடுங்கோ.
பாதிக் காசு மிதுனரூபன்ர. அவனுக்குக் காட்டவேணும்."

பேனையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
'வேகம் பார்த்தது' என்று எழுதி
விலைப்பக்கம் ஒரு கோடு இழுத்தேன்.